தாழிக்குள் இருந்த பாலாடை

எங்கள் காட்டில் புதையல் கிடைத்துவிட்டதாக ஒரு கோடை முழுக்க ஊரில் பேச்சாக இருந்தது. திருவெள்ளறை டீக்கடையில் ஒரு குடம் தங்கக்காசு என்று புறப்பட்ட செய்தி, துறையூர் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்குவதற்குள் மூன்று குடமாகியிருந்தது. அப்பா அப்போது துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். அதுவரை அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத முதலாளி, நாற்காலி போட்டு உட்கார வைத்து விசாரித்தாராம். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு ஒரு நாளும் ஏறி வராத உறவுக்காரர்களெல்லாம் வந்தார்கள். காபி குடித்தார்கள். பீரோவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிடைத்தது ஒரு மண் பாத்திரம். என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஏழு வாரம் எங்கள் வீட்டில் இருந்தது. பிறகு போய்விட்டது. போனதற்குக் காரணம் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

அதற்கு முந்தைய ஐப்பசியில், விடாத மழையில், எனக்குத் தம்பி பிறந்திருந்தான். பிறக்கவேண்டிய நாளுக்கு இரண்டு மாதம் முன்பே பிறந்துவிட்டான் என்றார்கள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு முறை அப்பா என்னைத் தூக்கிக் காட்டினார். நர்ஸின் முதுகும், அதைத் தாண்டித் ஓடு உடைத்த வேர்க்கடலை நிறத்தில் ஒரு காலும் தெரிந்தன. அவ்வளவுதான் நான் பார்த்த தம்பி.

"எடை கூடணும். கூடினதும் வீட்டுக்குக் குடுத்துருவாங்க" என்றார் அப்பா.

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. சில நாள் கழித்து அம்மா மட்டும் துணிப்பையோடு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று, கீழ்வீட்டு அக்கா வாங்கி வந்த மல்லிகைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் ரவிக்கைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள். பூவை எங்கே வைப்பது என்றுகூட அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது, அது வற்றுவதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்பது என் முதல் பிரசவத்தின்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி எப்போது வருவான் என்று அத்தையிடம் ஒரு தடவை கேட்டேன். "வாயை மூடிக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். எடை இன்னும் கூடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நானும் வருஷக்கணக்காக இருபது கிலோவிலேயே நின்றுகொண்டிருந்தவள். எடை கூடுவது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி பதினோராம் நாளே இறந்துவிட்டான். அன்று அம்மாவுக்கு ஜன்னி கண்டு, நினைவு வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. அப்பாவால் அவள் கட்டிலை விட்டு நகர முடியவில்லை. சித்தப்பாதான் துணியில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனார். திருவெள்ளறை தாண்டி எங்களுக்கு இருந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காட்டில், வடக்கு மூலையில், மழையோடு மழையாகக் குழி எடுத்துப் புதைத்தார். அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு 'காட்டில்' என்பது மட்டும் தெரியும். எந்த இடம் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சொல்ல அவர்களுக்கும் வரவில்லை. இதையெல்லாம் நான் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள எனக்குப் பதினாறு வயதாகிவிட்டது.

சித்திரையில் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டுவதென்று முடிவானது. மழைத் தண்ணீர் வடக்கே சரிந்து ஓடுவதால் குட்டையும் அந்தப் பக்கம்தான் வரவேண்டும். தை மாதம் வேலியை மாற்றி அடைத்தபோது கற்களெல்லாம் இடம் மாறியிருந்தன. ஆனாலும் மூலையிலிருந்து பத்தடி தள்ளி வெட்டினால் போதும் என்று சித்தப்பா உறுதியாகச் சொன்னாராம். பொக்லைன் வந்தது. சாப்பாடு தானே கொண்டுவருவதாக அம்மா சொன்னாள். அப்பா வேண்டாமென்று மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை.

நானும் அம்மாவும் டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். புளிசாதமும் உருளைக்கிழங்கும் இருந்த பையை நான் தூக்கி வந்தேன். நாங்கள் வரப்பில் நடந்து வந்துகொண்டிருக்கும்போதே பொக்லைனின் பல் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. காலிக் குடம் தரையில் விழுவது மாதிரி ஒரு சத்தம். அள்ளிய மண்ணை டிரைவர் கரையில் கொட்டினார். கொட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினார்.

"அண்ணே, எலும்புண்ணே" என்று மேலேயிருந்து கத்தினார். "சின்னச் சின்னதா இருக்கு."

அப்பா ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. செருப்பு ஒரு பக்கம் கிடந்தது, துண்டு ஒரு பக்கம் கிடந்தது. மண்மேட்டில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் பறித்தார். மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது. டிரைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். புதையல் கதை பிறந்தது அந்த இடத்தில்தான். எலும்பு என்றதும் ஒரு மனுஷன் இப்படிப் பாய்ந்து விழுந்தால் உள்ளே தங்கம் இருக்கிறது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி உறுதி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

சித்தப்பா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணே, இது இல்லண்ணே. நல்லாப் பாருங்க. பானை இருக்கு பாருங்க. நாம பானை எதுவும் வைக்கலையே."

அப்பா நிமிர்ந்து பானையைப் பார்த்தார். முட்டளவு உயரத்தில், அடி கூம்பிய தடித்த தாழி. பாதி உடைந்திருந்தது. உள்ளே மண்ணோடு மண்ணாக, கறுப்பும் சிவப்புமாக நாலைந்து சின்னக் கலயங்கள். அப்பா எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தார். தங்கம் இல்லாத ஏமாற்றம் என்று நினைத்து எனக்கும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அம்மா ஓடவில்லை. தாழியின் பக்கத்தில் போய்க் குந்தினாள். உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. வயிறு உருண்ட சின்னக் கிண்ணம். பக்கவாட்டில் கிளிமூக்கு மாதிரி ஒரு மூக்கு, அதில் ஊசித் துவாரம்.

"இது பாலாடை" என்றாள்.

பாலாடை என்றால் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த கிண்ணம். தம்பிக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் எவர்சில்வர் பாலாடையில்தான் சொட்டுச் சொட்டாகப் புகட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் வருவதற்கு முன் இரண்டு நாள் அம்மாவையே உள்ளே கூப்பிட்டுப் புகட்டச் சொன்னார்களாம். அவள் அவனைத் தொட்டது அந்த இரண்டு நாள்தான்.

"அண்ணி, பொணத்தோட வெச்ச சாமான். கீழ போடுங்க" என்றார் சித்தப்பா.

அம்மா காதில் வாங்கவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்த துண்டில் அதைச் சுற்றினாள். அது வெறும் மண் என்பதால் யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவும் இல்லை. டிரைவர் அதற்கு மேல் அந்த இடத்தில் வெட்ட மாட்டேன் என்றுவிட்டார். போகும் முன், தாழியையும் எலும்பையும் கொட்டிய மண்ணோடு சேர்த்து வடக்குக் கரையில் தள்ளி மட்டம் பண்ணிக்கொடுத்தார். அரைகுறையாக நின்ற பள்ளத்தைச் சுற்றி நாங்கள் புளிசாதம் சாப்பிட்டோம். நான் மட்டும்தான் சாப்பிட்டேன் என்று இப்போது நினைவு வருகிறது.

பாலாடையை அம்மா சீயக்காய் போடாமல், சோப்புப் போடாமல், வெறும் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்துக் கழுவினாள். அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் அதற்கு இடம் கொடுத்தாள். பகலில் வேலை முடிந்ததும் அதை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்ப்பாள்.

"பாரு, எப்படிச் சாய்ச்சாலும் ஒரு சொட்டுக்கு மேல வர மாட்டேங்குது. புரையே ஏறாது" என்று என்னிடம் காட்டினாள். மூக்கின் நுனியைத் தடவிவிட்டு, "இந்த இடம் தேஞ்சிருக்கு. நெறைய நாள் குடிச்சிருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

ஒரு நாள் பாலையே ஊற்றினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு மடியில் சாய்த்துக்கொண்டு, "வாயைத் திற" என்றாள்.

"ச்சீ, நான் என்ன பாப்பாவா?" என்று திமிறிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டேன். தெருவில் பாண்டி விளையாட என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பாலில் ஆடை படிந்திருந்தது. அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வீட்டில் எது சரி, எது தப்பு என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடம்தான் இருந்தது. உப்பு ஜாடியின் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"சவக்குழியில கெடந்ததை அடுப்படியில கொண்டாந்து வெச்சிருக்கியே, உனக்குப் பைத்தியமா? ஒண்ணு போனது பத்தாதா?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "அவளும் பெத்தவதானேக்கா. அங்க போயும் புள்ளைக்குப் பசிக்கும்னு பாலாடையையும் கூட வெச்சு அனுப்பியிருக்கா. நான் வெறுங்கையா அனுப்பினேன்." கொஞ்ச நேரம் அரிசியைக் களைந்தாள். "நான் எங்க அனுப்பினேன். அனுப்பினதுகூட நான் இல்லை."

அத்தை தன் பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அது வழக்கமில்லை என்பதால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் பேசியது எனக்குத் தெரியாத யாரையோ பற்றி என்று நினைத்துக்கொண்டேன். பாலாடையைப் பற்றி என்னிடம் வேறு விளக்கம் இருந்தது. தம்பிக்கு எடை கூடிவிட்டது, வரப்போகிறான், அதற்குத்தான் அம்மா ஒத்திகை பார்க்கிறாள். இத்தனை தெளிவான விஷயம் வேறு யாருக்கும் புரியவில்லையே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து நாலாம் வகுப்புக்குப் போனேன். பழங்கால மனிதர்கள் என்று ஒரு பாடம் வந்தது. உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருள் எது என்று டீச்சர் கேட்டார். ஒருத்தி குத்துவிளக்கு என்றாள். இன்னொருத்தி மாமாவின் ஸ்கூட்டர் என்றாள், வகுப்பே சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"எங்க காட்டுல பூமிக்குள்ள பெரிய பானையில எலும்போட கெடைச்ச பாலாடை இருக்கு டீச்சர். ஆஸ்பத்திரிலேர்ந்து தம்பி வந்ததும் அதுலதான் எங்கம்மா பால் குடுக்கப் போறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் என் பக்கத்தில் வந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வகுப்பில் எனக்கு அந்த மாதிரி ஒரு நிமிடம் அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கே வந்தார். நல்லவர். ஆர்வம்தான் அவரைக் கூட்டி வந்தது. அம்மா தயங்கித் தயங்கிப் பாலாடையை எடுத்துக் காட்டினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டீச்சர், பேச்சோடு பேச்சாக, "குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்குதாங்க?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "இன்னும் எடை கூடலைங்க."

பார்த்தீர்களா என்கிற மாதிரி நான் டீச்சரை அண்ணாந்து பார்த்தேன்.

டீச்சர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, பத்து நாளில் பழம்பொருள்களைக் கவனிக்கிற அரசாங்க அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற மனிதர். இப்படிக் கிடைப்பதையெல்லாம் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பயமுறுத்தாமல் எடுத்துச் சொன்னார். ஏற்கனவே புதையல் பேச்சால் அரண்டுபோயிருந்த அப்பா எல்லாவற்றுக்கும் சரிங்க சார், சரிங்க சார் என்றார். அதிகாரி தாளில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மூக்குடைய சிறு மண்கலம், ஒன்று.

"அது பாலாடைங்க" என்றாள் அம்மா.

"இருக்கலாம்மா. குழந்தைங்களைப் புதைச்ச தாழியில இந்த மாதிரி கிடைக்கும். ஆனா உறுதியா சொல்ல முடியாது. எண்ணெய் ஊத்துறதாவும் இருக்கலாம்."

"நுனி தேஞ்சிருக்குங்க. எண்ணெய் ஊத்துனா நுனி எப்படிங்க தேயும்?"

அவர் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "எலும்பு இருந்திருந்தா என்ன வயசுக் குழந்தைன்னாவது சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் என்ன செஞ்சீங்க?" என்றார்.

"கரையில தள்ளியாச்சுங்க சார். மண்ணோட மண்ணா."

அம்மா அப்பாவை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பஞ்சு வைத்த ஒரு பெட்டியைத் திறந்தார். அம்மா தானே பாலாடையை உள்ளே வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"பத்திரமா வெச்சுக்குவீங்களா?"

"கண்ணாடிக்குள்ள வெச்சிருவோம்மா. ஒரு தூசு படாது."

நான் இதில் எனக்குத் தெரிந்த ஒன்று இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டுச் சொன்னேன். "எங்க தம்பியையும் கண்ணாடிக்குள்ளதான் அங்கிள் வெச்சிருக்காங்க."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். பெட்டியின் மூடியைப் போட அவருக்கு நேரம் பிடித்தது. நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு அம்மா அழவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நம்மளது எங்க இருக்குன்னு காட்டுங்க."

அடுத்த வாரம் சித்தப்பா வந்தார். அப்பாவும் அவரும் மொட்டைமாடியில் நின்று சண்டை போட்டார்கள்.

"கல்லு எங்கடா? மூலையிலதான் வெச்சேன்னு சொன்னியே, அந்தக் கல்லு எங்க?"

"வெச்சேண்ணே, சத்தியமா வெச்சேன். வேலி போட்டவனுங்க எடுத்து நட்டுட்டானுங்க போல. மழையில கண்ணு தெரியல, நான் மட்டும் அளந்தா பார்த்தேன்? அன்னைக்கு வெட்டுனது பத்தடிதான் தள்ளின்னு நெனச்சேன்..."

"நெனச்சியா?"

எல்லைக் கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தை வளைத்துவிட்டார் போலிருக்கிறது, அதற்குப் போய் சித்தப்பா ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழவேண்டும் என்று புரியவில்லை. அம்மா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொக்லைன் அன்று தாழியை மட்டும்தான் கிளறியதா, அல்லது அதற்கு முன்னால் அள்ளிக் கொட்டிய மண்ணில் வேறு எதுவும் இருந்ததா என்பதற்கு அந்த இரண்டு ஆண்களிடமும் பதில் இல்லை.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். உள்ளூர் விடுமுறை என்று பள்ளிக்கூடம் இல்லை. சித்தப்பா மாடு பார்க்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்தார். அப்பா பட்டறைக்குப் போனதும் அம்மா என்னைக் கிளப்பினாள். பையில் மாவு சலிக்கிற சல்லடை, ஒரு புது வெள்ளைத் துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், எனக்கு நாலு இட்லி. எங்கே போகிறோம் என்று கேட்டேன். காட்டுக்கு என்றாள். சல்லடை எதற்கு என்று கேட்டதற்கு, செருப்பைப் போட்டுக்கொள் என்றாள்.

காட்டில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. குட்டைக்கு எடுத்த பள்ளம் வாய் பிளந்தபடி கிடந்தது. அம்மா சித்தப்பாவின் கொட்டகையிலிருந்து களைக்கொத்தை எடுத்து வந்தாள். வடக்குக் கரையில் உட்கார்ந்து, துண்டை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். மண்ணைக் கொத்தி, சல்லடையில் அள்ளிப் போட்டுச் சலித்தாள். சலித்து நின்றதை விரலால் பிரித்துப் பார்த்தாள். வேர், கல், ஓடு. எப்போதாவது ஒன்றை எடுத்துத் துண்டில் வைத்தாள். சின்னதாக, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அது எது, யாருடையது என்று அவளுக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஓர் அம்மாவின் பிள்ளையா, அவளுடையதா என்று பிரித்துப் பார்க்கிற நிலையை அவள் தாண்டியிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"நீ மரத்தடியில போய் விளையாடு. இங்க வராதே" என்றாள்.

போனேன். இட்லியைத் தின்றேன். கரையின் அந்தப் பக்கத்துச் சரிவில் பானை ஓடுகள் நிறையக் கிடந்தன. வழுவழுவென்று கறுப்பாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டம் கிழித்துப் பாண்டி ஆடினேன். அவ்வளவு நல்ல சில்லு அதுவரை எனக்குக் கிடைத்ததே இல்லை, எறிந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. தனியாக எத்தனை நேரம் ஆட முடியும்? சலித்துப்போய், இன்னொரு சில்லு தேடிச் சரிவில் குச்சியால் கிளறினேன். மண்ணுக்குள்ளிருந்து ஒன்று வந்தது. என் சுண்டுவிரலை விட மெல்லியது, கொஞ்சம் வளைந்தது, இரண்டு முனையும் லேசாகப் பருத்தது.

கோழி எலும்பு. அன்றைக்குப் பொக்லைன் டிரைவர் தின்று போட்டதாக இருக்கும் என்று நினைத்தேன். கீழே கிடக்கும் எலும்பைத் தொடக்கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை வேலிக்கு அந்தப் பக்கம் முழு பலத்தோடு வீசி எறிந்தேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. பாட்டில் தண்ணீரில் இரண்டு கையையும் நன்றாகக் கழுவினேன். பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அம்மா, அங்க ஒரு கோழி எலும்பு கெடந்துச்சு. தூக்கித் தூரப் போட்டுட்டேன். கையைக்கூடக் கழுவிட்டேன்."

அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ பெருசு?"

சுண்டுவிரலைக் காட்டினேன்.

"எங்க போட்ட?"

"அங்க."

"எங்கடி? எங்க?"

சமர்த்து என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அந்தக் குரல் பயமாக இருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்துக் காட்டில் கடலை முளைத்து நாலு விரல் உயரம் நின்றது. ஏக்கர் கணக்கில் ஒரே பச்சை. நான் கையை நீட்டினேன். அம்மா முள்வேலியைத் தூக்கிக்கொண்டு அடியில் நுழைந்தாள். முந்தானை கிழிந்து முள்ளிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. குனிந்து, ஒவ்வொரு கடலைச் செடியாக இலையை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு சாலில் ஏறி அடுத்த சாலில் இறங்கினாள். விரித்து வைத்த துண்டு ஞாபகமே அவளுக்கு இல்லை. ஒரு மூலையில் கல் புரண்டு, துண்டு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதில் இருந்தவை இருந்தனவா, போயினவா என்று நானும் பார்க்கவில்லை.

"இங்கியா?" என்று அங்கிருந்து கத்திக் கேட்டாள்.

எனக்கு எங்கே என்று தெரியவில்லை. எறிந்தேன், போயிற்று. "இல்லம்மா, இன்னும் அந்தப் பக்கம்" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனாள். பிறகு அவ்வளவு தூரம் இல்லையோ என்று தோன்றியது. "கொஞ்சம் இந்தப் பக்கம்மா" என்றேன். இந்தப் பக்கம் வந்தாள். முட்டி போட்டுத் தவழ ஆரம்பித்திருந்தாள். வெயில் சாய்ந்து செடியின் நிழல்கள் நீண்டன. ரோட்டில் டோல்கேட் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்ததையும் விட்டுவிட்டால் இருட்டிவிடும் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. இல்லை என்று சொல்லச் சொல்ல அம்மா தேடிக்கொண்டேதான் இருப்பாள், ஆமாம் என்று சொன்னால் கிடைத்துவிட்டது என்று எழுந்து வந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

அதனால், அவள் தலையை நிமிர்த்தி, "இங்கியாடி?" என்று கேட்கும்போதெல்லாம், அவள் எங்கே இருந்தாலும், "ஆமாம்மா, அங்கதான்" என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் நம்பினாள். ஒவ்வொரு தடவையும், நான் சொன்ன அந்த இடத்தில், இரண்டு கையாலும் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.